முல்லோயா கோவிந்தனுக்கு ஒரு நாணயக்குற்றி

1981இல் இலங்கை ஓர் ஐந்து ரூபாக் குற்றியை வெளியிட்டது. சர்வஜன வாக்குரிமை கிடைத்து ஐம்பது ஆண்டு நிறைந்ததைக் கொண்டாடும் ஞாபகார்த்த நாணயம் அது. 1931 முதல் 1981 வரை என்று கணக்கு. நானுஓயா சந்தியில் தேங்காயும் கருவாடும் வாங்கிவிட்டு ரதல்லைப் பக்கம் மலையேறிய தோட்டத்துப் பெண்களின் முந்தானை முடிச்சிலும் அந்த ஐம்பது ஆண்டுப் பெருமை ஏறியிருக்கும். அந்த முடிச்சை அவிழ்த்த கைகளில் பெரும்பாலானவை 1949க்குப் பிறகு வாக்குச்சீட்டைத் தொட்டதில்லை.

கணக்கு எளிது. 1931இல் தோட்டத் தொழிலாளருக்கு வாக்குரிமை கிடைத்தது. அதுவும் வதிவிட நிபந்தனைகள் பலவற்றோடு. 1948ஆம் ஆண்டின் 18ஆம் இலக்கப் பிரஜாவுரிமைச் சட்டம் ஏழு இலட்சத்துக்கு மேற்பட்டவர்களை நாடற்றவர்களாக்கியது. மறு ஆண்டு தேர்தல் சட்டத் திருத்தம் வாக்கையும் பறித்தது. கொண்டாடப்பட்ட ஐம்பது ஆண்டில் 32 ஆண்டு மலையகத்தின் பெரும்பகுதிக்கு வாக்கில்லை. 1977இல் நுவரெலியா-மஸ்கெலியா மூன்று அங்கத்தவர் தொகுதியில் மலையகத் தலைவர் தொண்டமான் வென்றதும், அதற்கு முன்பின்னாகச் சிலருக்குப் பிரஜாவுரிமை கிடைத்ததும் உண்மைதான். ஆனால் நாடற்றவர் என்ற பெயர் சட்டப் புத்தகத்திலிருந்து அநேகமாக நீங்குவதற்கு 1988ஆம், 2003ஆம் ஆண்டுகளின் சட்டங்கள் வரை காத்திருக்க வேண்டியிருந்தது.

விடுதலைப் போராட்ட வீரர்களை நாணயத்தில் பொறிக்கும் வழக்கத்தைப் பற்றிப் பேசும்போது அந்த ஐந்து ரூபாயிலிருந்து தொடங்குவதே சரி என்று நினைக்கிறேன். ஒரு நாணயக்குற்றி யாரை நினைவில் வைக்கிறது என்பதைவிட, யாருடைய கையில் புழங்கிக்கொண்டே அவரை மறந்துவிடுகிறது என்பதை அது அவ்வளவு தெளிவாகக் காட்டுகிறது.

மலையகத் தமிழருக்கும் உலோக வில்லைக்கும் உள்ள உறவு மத்திய வங்கியைவிட மூத்தது. கோப்பிக் காலத்தில் தீவில் சில்லறைக்குப் பெரிய தட்டுப்பாடு. ரிக்ஸ்டொலர், பணம், பென்ஸ் என்று ஒன்றுக்கொன்று ஒட்டாத கணக்குகள் ஒரே சந்தையில் ஓடின. 1872இல்தான் ரூபாயும் நூறு சதமும் ஒழுங்காக நிலைபெற்றன. அந்த இடைவெளியை நிரப்பக் கொழும்பின் கோப்பி ஆலைகள் தங்கள் பெயர் பொறித்த செப்பு வில்லைகளை அடித்துக்கொண்டன. ஜோர்ஜ் ஸ்டூவர்ட் கம்பனியின் வேகந்த ஆலை வில்லை சேகரிப்பாளர்களிடையே பிரசித்தம். கோப்பி பொறுக்கும் வேலைக்குக் கூலியாகக் கொடுத்தது அதுதான். அரசன் முகம் இல்லை, அரசின் பெயர் இல்லை, கம்பனியின் பெயர் மட்டும். இன்று அவை ஏலத்தில் நல்ல விலைக்குப் போகின்றன. கூலியாக வாங்கியவர்களின் பெயர் ஒன்றுகூட அவற்றோடு சேர்ந்து வரவில்லை.

அடுத்து வந்தது தகரம். இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் தமிழகத்துக் கரையிலிருந்து இலங்கைக்கு ஆள்கட்டும்போது, ஒவ்வொருவருக்கும் எண் அடித்த சிறு தகரச் சீட்டு ஒன்று கொடுக்கப்பட்டது. எந்த மாவட்டம், எந்தத் தோட்டம், எத்தனையாவது ஆள் என்பதை அந்த எழுத்தும் எண்களும் சொல்லும். அது கழுத்தில் இருந்தால் ரயிலுக்கும் கப்பலுக்கும் காசு கேட்கமாட்டார்கள். செலவு தோட்டத்துக் கணக்கில் ஏறும், தோட்டம் அதை ஆளின் கடனில் ஏற்றும். தலைமன்னாரிலோ கொழும்பிலோ இறங்கி, 1885இல் நானுஓயா வரை வந்துவிட்ட ரயில் பாதையில் குளிருக்குள் ஏறியவர்கள் அந்தத் தகரத்தோடுதான் வந்தார்கள். வட்டமாக, எழுத்துப் பொறித்து, கையடக்கமாக அது இருந்தது. பார்க்க நாணயம் போலவே இருக்கும். ஆனால் அந்த வில்லையை வைத்து எதையும் வாங்க முடியாது. அதை அணிந்தவரைத்தான் வாங்கியிருந்தார்கள்.

இந்த இரண்டு வில்லைகளையும் தாண்டித்தான் மலையகத் தமிழர் அரச நாணயத்துக்கு வந்து சேர்ந்தார்கள். பிரட்டுக்களத்தில் பேர் கொடுத்து, அரைப் பேர் வெட்டுப்பட்டு, அரிசிக் கணக்கு கழிந்து, மிச்சம் கைக்கு வரும் சில்லறை. அதில் அரசனின் முகம் இருந்தது. 1963க்குப் பிறகு அரசு இருந்தது.

சுதந்திர இலங்கை தன் நாணயங்களில் யாரை ஏற்றியது என்று பார்த்தால் ஒரு விசித்திரம் தெரியும். 1957இல் புத்த ஜயந்தியின் 2500ஆம் ஆண்டுக்கு வெள்ளி ஐந்து ரூபா. 1976இல் கொழும்பில் கூடிய அணிசேரா மாநாட்டுக்கு இரண்டு. 1978இல் ஜே. ஆர். ஜயவர்தன நிறைவேற்று ஜனாதிபதியானதற்கு ஒரு ரூபாக் குற்றி. அவர் அப்போது பதவியில் இருந்தார். 1992இல் பிரேமதாசவின் முகத்தோடு ஒரு ரூபா. அவரும் பதவியில் இருந்தார். 2009இல் மஹிந்த ராஜபக்ஷ ஆயிரம் ரூபாத் தாளில் கைகளை உயர்த்தி நின்றார். இந்தியாவில் ஒரு தலைவர் இறந்த பிறகுதான் முகம் உலோகத்தில் ஏறும். எங்கள் நாட்டில் முகம் ஏற ஆட்சியே போதுமாயிருந்தது. விடுதலைக்காக உயிர் கொடுத்தவர்களுக்கு முத்திரையும் சிலையும் கிடைத்தன. அன்றாடம் கைமாறும் குற்றியில் இடம் கிடைப்பது அரிதாகவே இருந்தது.

1998இல் சுதந்திரத்தின் பொன்விழாவுக்கு மூன்று நாணயங்கள் வந்தன: இரட்டை உலோகத்தில் பத்து ரூபா, வெள்ளியில் ஆயிரம் ரூபா, தங்கத்தில் ஐயாயிரம் ரூபா. அந்த ஆண்டு தோட்டத் தொழிலாளியின் நாட்சம்பளம் நூறு ரூபாயை ஒட்டியே இருந்தது. வெள்ளிக் குற்றியின் முகப்பெறுமதி மட்டும் பத்து நாள் கொழுந்துக்குச் சமம். பத்து ரூபா மட்டும் எல்லோர் கைக்கும் வந்தது. ஞாபகார்த்த நாணயம் என்ற ஒரே பெயருக்குள் இரண்டு வேறு பொருள்கள் இருப்பதை அந்த மூன்று குற்றிகளும் பிரித்துக் காட்டின. ஒன்று நாட்டோடு பேசுவது. மற்றது பெட்டிக்குள் கிடப்பது. இந்த வித்தியாசம் இறுதிவரை முக்கியம்.

இந்தியாவுக்கு வருவோம். எங்கள் கதையில் இந்திய நாணயங்களுக்கு நாங்கள் நினைப்பதைவிடப் பெரிய பங்கு இருக்கிறது.

சுதந்திர இந்தியாவின் முதல் ஞாபகார்த்த நாணயம் 1964இல் நேருவுக்கு. அவர் அந்த ஆண்டு மே மாதம் காலமானார். இலங்கையில் பிறந்து வளர்ந்த தொழிலாளரை மொத்தமாக இந்தியா ஏற்றுக்கொள்ள முடியாது, விரும்பி விண்ணப்பிப்பவர்களுக்கே இந்தியப் பிரஜாவுரிமை என்பது அவர் நிலைப்பாடு. 1954இல் இலங்கைப் பிரதமர் கொத்தலாவலையோடு ஒப்பந்தம் செய்தபோதும் அதை அவர் முற்றாக விடவில்லை. அவர் முகம் நாணயத்தில் ஏறிய அதே ஆண்டில், ஒக்டோபர் 30ஆம் திகதி, லால் பகதூர் சாஸ்திரி இலங்கைப் பிரதமர் சிறிமாவோவோடு ஒப்பந்தம் செய்தார். நாடற்றவர்கள் 9,75,000 பேர் எனக் கணக்கிட்டு, 5,25,000 பேர் இந்தியாவுக்கு, 3,00,000 பேர் இலங்கைக்கு, மீதி ஒன்றரை இலட்சம் பிறகு பார்க்கலாம் என்று பங்கு பிரித்தார்கள். அந்த மீதியை 1974இல் இந்திரா காந்தியும் சிறிமாவோவும் ஆளுக்குப் பாதியாகப் பிரித்துக்கொண்டார்கள். இந்திராவின் முகம் 1985இல் இந்திய நாணயத்தில் ஏறியது. சாஸ்திரியின் நூற்றாண்டு நாணயம் 2004இல் வந்தது. மூவரும் விடுதலைப் போராட்டத்தில் சிறை கண்டவர்கள். அந்த மரியாதையை நான் மறுக்கவில்லை. ஆனால் எந்தத் தோட்டத்து லயத்தில் கேட்டாலும் சாஸ்திரி என்ற பெயருக்கு முதலில் நினைவு வருவது ஒப்பந்தம்தான். பிரிந்த அண்ணன், இந்தியாவுக்குப் போன அத்தை, நானுஓயா ஸ்டேஷனிலிருந்து தலைமன்னாருக்குப் போய் இராமானுஜம் கப்பலில் ஏறிய பெட்டிகள், ஒப்பாரி. கையெழுத்திட்டவர்கள் உலோகத்தில் நிற்கிறார்கள். பங்கு போடப்பட்டவர்கள் எண்ணிக்கையில் நிற்கிறார்கள்.

காந்தியின் கதை வேறு. 1927 நவம்பரில் அவர் இலங்கைக்கு வந்து ஹற்றன், நுவரெலியா, பதுளை என்று மலைநாட்டையும் சுற்றினார். மகாதேவ் தேசாய் அந்தப் பயணத்தைத் தனி நூலாகவே எழுதினார். கதர் நிதிக்கென்று திரட்டப்பட்ட பணத்தில் தோட்டத் தொழிலாளர் தந்த செப்புக் காசுகளும் இருந்தன. நாட்சம்பளம் சதத்தில் இருந்த காலம் அது. 1969இல் காந்தி நூற்றாண்டுக்கு இந்தியா இருபது பைசா, ஐம்பது பைசா, ஒரு ரூபா, வெள்ளிப் பத்து ரூபா என நான்கு நாணயங்களை வெளியிட்டது. இருபது பைசா மஞ்சள் குற்றி தமிழகத்தில் நெடுங்காலம் புழங்கியது. ஒப்பந்தத்தில் போனவர்களைக் குடியேற்றுவதற்காக 1968இல் நீலகிரியில் தொடங்கப்பட்ட தமிழ்நாடு தேயிலைத் தோட்டத்தில் மறுபடியும் கூடை கட்டியவர்களின் கையில், அவர்களின் தாய் தகப்பன் காசு கொடுத்த அதே காந்தி அந்தக் குற்றியில் வந்து சேர்ந்தார். இந்த வட்டத்தை எந்த நாணயவியல் நூலும் எழுதவில்லை, எழுதப்பட வேண்டியது.

சுபாஸ் சந்திர போஸின் நூற்றாண்டுக்கு வந்த இரண்டு ரூபாக் குற்றியும் இந்தப் பக்கத்துக்கே உரியது. மலாயாவின் ரப்பர் தோட்டத்துத் தமிழர் இல்லாமல் இந்திய தேசிய இராணுவம் இல்லை. ஜான்சி ராணிப் படையில் பால்வெட்டுக்குப் போன பெண்பிள்ளைகள் துப்பாக்கி ஏந்தினார்கள். காமராஜருக்கு 2003இல் நாணயம் வந்தது. அதில் ஐந்து ரூபா தமிழ்நாட்டுப் பேருந்து நடத்துநரின் பையில் கிடந்து நிறம் மங்கியது. நல்ல ஞாபகார்த்தம் அப்படித்தான் தேய வேண்டும். இப்போது டில்லியின் போக்கு மாறிவிட்டது. 2018இல் போஸுக்கு 75 ரூபா, 2024இல் பிர்சா முண்டாவுக்கு 150 ரூபா, அதே ஆண்டு கலைஞருக்கு 100 ரூபா, 2025இல் கங்கைகொண்ட சோழபுரத்தில் இராஜேந்திர சோழனுக்கு 1000 ரூபா. இவற்றில் எதையும் கொடுத்து எந்தக் கடையிலும் சீனி வாங்க முடியாது. அழகான பெட்டியில் முகப்பெறுமதிக்கு மேலான விலையில் விற்கிறார்கள். வெளியீட்டு விழாவின் படம் மறுநாள் பத்திரிகையில் வருகிறது, நாணயம் வரவில்லை.

இந்தப் போக்குக்கு எதிரான பாடம் அயர்லாந்தில் இருக்கிறது. 1916 ஈஸ்டர் எழுச்சியின் ஐம்பதாம் ஆண்டுக்கு, 1966இல், அந்த எழுச்சிக்காகச் சுட்டுக்கொல்லப்பட்ட பாட்ரிக் பியர்ஸின் முகத்தோடு பத்து ஷில்லிங் வெள்ளி நாணயம் அடித்தார்கள். இருபது இலட்சம் குற்றி. பெறுமதியும் பாரமும் அதிகம். மக்கள் தாளையே விரும்பினார்கள். பாதிக்கு மேற்பட்டதைத் திரும்பப் பெற்று உருக்க வேண்டியதாயிற்று. வீரரில் குறையில்லை, நாடு அவரை மறக்கவும் இல்லை. தவறான பெறுமதியில் அடித்ததுதான் பிழை.

எதிர்ப்பக்கத்தில் மொரிஷியஸ். கரும்புத் தோட்டத்துக்கு ஒப்பந்தக் கூலிகளைக் கொண்டுபோய்ச் சேர்த்த தீவு. எங்கள் உறவுக்காரத் தீவு என்று சொல்லலாம். பீகாரிலிருந்து கூலியாக வந்தவரின் மகனான சிவசாகர் ராம்கூலம்தான் 1987 முதல் அந்த நாட்டின் எல்லாக் குற்றிகளிலும் இருக்கிறார். ஒரு சதத்தைக் கொடுத்தாலும் கூலியின் மகன் முகம். தாள்களில் ஆளுக்கொரு சமூகத்தவர். நூறு ரூபாத் தாளில் தமிழரான ரங்கநாதன் சீனிவாசன். 1998இல் புதிய தாள்களில் தமிழ் எழுத்தை இந்திக்குக் கீழே தள்ளியபோது அங்குள்ள தமிழர் எழுப்பிய எதிர்ப்பில் அந்தத் தாள்களையே திரும்பப் பெற வேண்டி வந்தது. எங்கள் குற்றிகளில் தமிழ் எழுத்து ஆரம்பத்திலிருந்தே உண்டு. எழுத்து இருக்கிறது, அதைப் பேசி மலையில் உழைத்தவரின் முகம் இன்றுவரை இல்லை.

அப்படியானால் யாருடைய முகம்? கேள்வி இங்கேதான் சூடாகிறது.

முதல் பெயர் கோ. நடேசய்யர். தஞ்சாவூர்க்காரர், 1887இல் பிறந்தவர். தோட்டத்துக்குள் அந்நியர் காலடி வைத்தால் அத்துமீறல் வழக்கு என்றிருந்த காலத்தில் புடவை வியாபாரியாக வேடமிட்டு லயங்களுக்குள் போனவர். தேசநேசன், தேசபக்தன் பத்திரிகைகளை நடத்தினார். 1931இல் ஹற்றனில் அகில இலங்கை இந்தியத் தோட்டத் தொழிலாளர் சம்மேளனத்தைத் தொடங்கினார். 1936 முதல் ஹற்றனின் பிரதிநிதியாக அரசாங்க சபையில் இருந்தார். சுதந்திரத்துக்குச் சில மாதம் முன்பு, 1947 நவம்பரில் காலமானார். பாட்டுக் கட்டிப் பாடிக் கூட்டத்தைச் சேர்த்த அவர் மனைவி மீனாட்சி அம்மாளைச் சேர்க்காமல் அவரை மட்டும் பேசுவது பாதிக் கதை. இரண்டாவது பெயர் சௌமியமூர்த்தி தொண்டமான். 1947இல் நுவரெலியா ஆசனத்தை வென்றவர். அந்தத் தேர்தலில் வென்ற இலங்கை இந்தியன் காங்கிரஸ்காரர்கள் ஏழு பேர், தலவாக்கலையில் சி. வி. வேலுப்பிள்ளையும் அதில் ஒருவர். பிரஜாவுரிமையை மீட்பதில் தொண்டமானின் பங்கை எதிராளியும் மறுக்கமாட்டார். ஆனால் அவருக்குச் சிலையும் மண்டபமும் விளையாட்டரங்கும் இருக்கின்றன. இன்னொரு குற்றி அவருக்கு எதையும் கூட்டிக் கொடுக்காது. தொழிற்சங்கங்களுக்கிடையே அது இன்னொரு பந்தயமாகவே முடியும்.

எனவே மூன்றாவது பெயரை முன்வைக்கிறேன்: முல்லோயா கோவிந்தன்.

1940 ஜனவரி. ஹேவாஹெட்ட பகுதியில் முல்லோயாத் தோட்டம். சம்பள உயர்வு கேட்டு வேலைநிறுத்தம். இடதுசாரிச் சமசமாஜிகளின் தொழிற்சங்கம் அப்போதுதான் தோட்டங்களுக்குள் வேர் பிடித்துக்கொண்டிருந்தது. மூன்று ஆண்டு முன்பு பிரேஸ்கேர்டிள் என்ற அவுஸ்திரேலிய இளம் துரை நாவலப்பிட்டிக் கூட்டத்தில் வெள்ளைத் துரைமாரைத் தாக்கிப் பேசியதற்காக நாடு கடத்த உத்தரவிட்டு, உயர் நீதிமன்றத்தில் அரசு தோற்ற சூடு ஆறியிருக்கவில்லை. ஜனவரி 10ஆம் திகதி பொலிஸ் சுட்டது. கோவிந்தன் செத்தார். விசாரணைக் குழுவின் முன் அவர் மனைவிக்காக கொல்வின் ஆர். டி சில்வா தோன்றினார். அந்தச் சம்பவத்தை ஒட்டிப் பொலிஸ் அதிகாரம் யாருடையது என்ற தகராறு முற்றி, ஆளுநரோடு மோதி அமைச்சர் சபையே பதவி விலகியது. ஒரு கூலியின் சாவு கொழும்பில் அரசியல் நெருக்கடியாக மாறியது அதுவே முதல் தடவை என்று சொல்வேன். அதே ஆண்டு ஊவாவில் வேவெஸ்ஸ உட்படத் தோட்டந்தோட்டமாக வேலைநிறுத்தம் பரவியது. ஜூனில் சமசமாஜித் தலைவர்களான என். எம். பெரேராவும் கொல்வினும் பிலிப் குணவர்தனவும் எட்மண்ட் சமரக்கொடியும் சிறை வைக்கப்பட்டார்கள்.

இது கூலி உயர்வுப் போராட்டம்தானே, விடுதலைப் போராட்டமா என்று கேட்பவர்கள் உண்டு. அவர்களிடம் திருப்பிக் கேட்க ஒன்று உண்டு. இலங்கைச் சுதந்திரம் பெரும்பாலும் மேசையில் பேசி வாங்கியது. அந்தப் பேச்சுக் காலத்தில் ஆங்கிலேய அதிகாரத்தின் துப்பாக்கிக்கு முன்னால் விழுந்தவர்கள் யார்? 1915இல் இராணுவச் சட்டத்தின் கீழ் சுடப்பட்ட ஹென்றி பேதிரிஸ். 1940இல் கோவிந்தன். 1947 ஜூனில் அரச எழுதுவினைஞர் வேலைநிறுத்தத்தில் கொழும்பில் சுடப்பட்ட கந்தசாமி. ஒருவர் செல்வந்தர் வீட்டுச் சிங்கள இளைஞர், ஒருவர் தோட்டத் தொழிலாளி, ஒருவர் தமிழ் எழுதுவினைஞர். பட்டியல் குறுகியது, அதில் மூன்றில் இரண்டு பேர் தமிழர். பாடப்புத்தகத்தால் பேதிரிஸின் பெயர் எல்லோருக்கும் தெரியும். மற்ற இருவரை எத்தனை பிள்ளைகளுக்குத் தெரியும் என்று எந்த ஆசிரியரிடமும் கேட்டுப் பாருங்கள்.

யார் வீரர் என்பது கல்லில் எழுதியதல்ல என்பதற்கும் எங்கள் நாட்டிலேயே சாட்சி உண்டு. 1818 ஊவா-வெல்லஸ்ஸ எழுச்சியில் கெப்பெட்டிபொலவோடு நின்றவர்களை ஆங்கிலேயர் துரோகிகள் என வர்த்தமானியில் அறிவித்தார்கள். ஏறத்தாழ இருநூறு ஆண்டு கழித்து இலங்கை அரசு அதை நீக்கி அவர்களைத் தேசிய வீரர்களாக அறிவித்தது. அப்படியானால் முல்லோயாவுக்கு மட்டும் ஏன் முடியாது? இன்னும் கிட்ட வந்தால், 1977 மே 11இல் தலவாக்கலைக்குப் பக்கத்தில் டெவன் தோட்டத்தில், ஏழாயிரம் ஏக்கர் தோட்டக் காணியைப் பிரித்துக் கொடுக்கும் திட்டத்தை எதிர்த்து நின்ற சிவனு லட்சுமணனைச் சுட்டது சுதந்திர இலங்கையின் பொலிஸ். அவரைப் பற்றிய நாணயத்தை இந்த அரசு அடிக்கும் நாளை நான் எதிர்பார்க்கவில்லை. கோவிந்தனைச் சுட்டது பிரித்தானிய முடியின் பொலிஸ். ஆகவே அரசுக்கு அவரை ஏற்றுக்கொள்வதில் கூச்சமும் குறைவு. நடைமுறைக்கு இந்த வேறுபாடு உதவுகிறது; வெட்கக்கேடான வேறுபாடுதான், ஆனாலும் உதவுகிறது.

மறுப்புகள் வரும். வீட்டுக்கும் காணிக்கும் வழியில்லாதவனுக்கு நாணயம் எதற்கு என்பது முதல் மறுப்பு. நியாயமானது. 2021இல் ஆயிரம் ரூபா நாட்சம்பளம் வர்த்தமானியில் வருவதற்கே எத்தனை ஆண்டு ஊர்வலம்! ஆனால் வீட்டையும் நாணயத்தையும் ஒன்றுக்கொன்று விலையாகப் பேசுவது எங்களைப் பற்றி மட்டுமே எழும் பேச்சு. இராணுவத்தின் ஐம்பதாம் ஆண்டுக்கு நாணயம் வந்தபோது முதலில் சிப்பாய்க்கு வீடு கொடுங்கள் என்று யாரும் சொல்லவில்லை. இரண்டாவது மறுப்பு, கோவிந்தனுக்குப் பதில் சங்கத் தலைவர் ஒருவரை வைக்கலாமே என்பது. அதற்கு மேலே பதில் சொல்லிவிட்டேன். மூன்றாவது, கோவிந்தனின் முகத்தை எப்படிப் பொறிப்பது என்பது. முகமே வேண்டாம் என்பது என் கருத்து. ஒரு பக்கம் எண் அடித்த தகரச் சீட்டு, அதில் எண் இருந்த இடத்தில் முல்லோயா 1940 என்று மூன்று மொழியிலும். நாணயத்தில் ஆளை விட அவர் சுமந்து வந்ததை வைப்பது எங்கள் வரலாற்றுக்குப் பொருந்தும்.

எந்தப் பெறுமதியில் என்பதே மிச்சம். மத்திய வங்கி 2013ஆம் ஆண்டுத் திகதியிட்டு 25 மாவட்டத்துக்கும் தனித்தனிப் பத்து ரூபாக் குற்றி அடித்தது. நுவரெலியா மாவட்டத்துக்கும் ஒன்று. ஒரே பெறுமதியில் 25 வடிவம் அடித்துப் புழக்கத்தில் விட முடிந்த நிறுவனத்துக்கு இன்னொரு வடிவம் பெரிய காரியமில்லை. மத்திய வங்கியின் எழுபதாம் ஆண்டுக்கு இருபது ரூபாக் குற்றியும் வந்துவிட்டது. கோவிந்தன் குற்றி இருபது ரூபாயில் வரட்டும். பெட்டியும் சான்றிதழும் வேண்டாம். நானுஓயாவிலிருந்து ரதல்லைக்குப் போகும் பஸ்ஸில் கொண்டக்டர் மிச்சச் சில்லறையாக அதைத் தரவேண்டும்.

2031இல் சர்வஜன வாக்குரிமைக்கு நூறாண்டு. 1981இல் செய்ததைப் போல இன்னொரு குற்றி அடிப்பார்கள் என்றே எண்ணுகிறேன். அப்போது வாக்கு இழந்த ஆண்டுகளையும் அதில் குறிக்கும்படி மலையகத்தின் பாராளுமன்ற உறுப்பினர்கள் இப்போதே எழுத்தில் கேட்க வேண்டும். கோவிந்தனுக்கு நூறாண்டு 2040 ஜனவரி 10. அதற்கான கோரிக்கையைத் தொழிற்சங்கங்கள் தனித்தனியாக அனுப்பினால் கோப்பில் கிடக்கும். எல்லாச் சங்கமும் ஒரே கடிதத்தில் கையெழுத்திட்டு மத்திய வங்கிக்கு அனுப்பட்டும்.